வாங்கிக்கத் தெரியுமா?

'உங்களுக்கு உதவி செய்யத் தெரியுமா?' என்று யாராவது கேட்டால், 'இதென்ன கேள்வி?' என்று முகம் சுளிப்பீர்கள். தெரியாமல் என்ன? போன ஜூனில்கூட வேலைக்காரம்மாவின் மகனுக்கு ஃபீஸ் கட்டினீர்கள். ரயிலில் ஒரு பாட்டிக்கு லோயர் பெர்த்தை விட்டுக்கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க மேலே குனிந்தபடி உட்கார்ந்து வந்தீர்கள். ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்குக் கொடுத்த கைமாற்று இன்னும் திரும்பி வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

சரி. வாங்கத் தெரியுமா?

கடன் வாங்குவதைச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாவிட்டாலும் பேங்க்கிலிருந்து தினம் நாலு தடவை போன் பண்ணிக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் கேட்பது உதவி வாங்குவதை. திருப்பித் தரவே முடியாத ஒரு உதவியை, முகம் சுண்டாமல், 'எப்பாடு பட்டாவது இதை அடைச்சுடணும்' என்று உள்ளுக்குள் கணக்குப் போடாமல், 'சரிப்பா, ரொம்ப சந்தோஷம்' என்று வாங்கிக்கொள்ளத் தெரியுமா?

இந்த வாரம் இதைத்தான் பேசப்போகிறோம். அதற்காக உங்களைக் கொஞ்சம் நாமக்கல் பக்கம் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

நாமக்கல் என்றால் உங்களுக்கு முட்டை ஞாபகம் வரும். லாரி ஞாபகம் வரும். ஆஞ்சநேயர் வருவார். ஊரைத் தாண்டி சேந்தமங்கலம் வழியாகப் போனால், தட்டையான சமவெளியில் யாரோ மதில் எழுப்பின மாதிரி திடீரென்று கொல்லிமலை எழுந்து நிற்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து மோந்துகொண்டே ஏறுகிறவர்கள் உண்டு.

இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதம் அரசாங்கமே விழா எடுக்கிறது. கொடைக்குப் பேர்போன மலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த ஓரியைப் பார்க்க வந்த கழைதின் யானையார் என்ற புலவர் பாடியது புறநானூற்றில் 204-வது பாட்டு. அதில் அவர் நாலு பேரை வரிசையில் நிறுத்தி மார்க் போடுகிறார். கேட்கிறவன், கேட்டதற்கு இல்லை என்கிறவன், தானே கொடுக்கிறவன், கொடுத்தாலும் எனக்கு வேண்டாம் என்கிறவன். முதல் ராங்க் யாருக்கு? கொடுக்கிற வள்ளலுக்கு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. வேண்டாம் என்று சொன்னவனுக்கு!

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டுக்குத் துறை 'பரிசில்'. புலவர் வாங்கத்தான் வந்திருக்கிறார். வாங்க வந்த இடத்தில், வாங்காதவன்தான் பெரியவன் என்று பாடவேண்டியிருக்கிறது. பாவம். கையை நீட்டுவதில் இருக்கிற கூச்சம் எவ்வளவு பழசு பாருங்கள்.

நான் பி.காம். படித்தவன். மூன்று வருடத்தில் படித்ததில் பாதி மறந்துபோய்விட்டது. ஆனால், முதல் வருடம் முதல் வாரம் மனப்பாடம் செய்யவைத்த ஒரு விதி மட்டும் மறக்கவில்லை. வாங்குகிறவர் கணக்கில் பற்று எழுது, கொடுக்கிறவர் கணக்கில் வரவு எழுது. வாங்கினால் நீ கடன்பட்டவன். தீர்க்கும்வரை உன் பக்கம் பாக்கி நிற்கும். சேலம், நாமக்கல் பக்கம் கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, மொய் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விதியை எந்தக் காலேஜும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'இவங்க நம்ம பெரியவ கல்யாணத்துக்கு எவ்வளவு வெச்சாங்க?' என்று பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் பணம் வைக்கிறோம்.

இனி, அதே கொல்லிமலையில் இன்னொரு கதை.

எவலின் என்று ஒரு லண்டன் பெண். 1879-ல் பிறந்தவர். வசதியான குடும்பம், ஓவியம் படித்தவர். 1911-ல் மிஷனரியாக இந்தியா வந்தார். அவருக்கு முன்பே, 1907-ல் வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் கற்றுக்கொண்டு வந்தவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சின்ன மிஷனைச் சேர்ந்தவர்கள். சேந்தமங்கலம் அந்த மிஷனுக்கு ஒரு தலைமையிடம் மாதிரி. 1913-ல் இருவருக்கும் கல்யாணம். குடித்தனம் போட்டது கொல்லிமலை மேலே.

அன்றைக்கு மலைக்கு ரோடு கிடையாது. வெள்ளைக்காரர்கள் ஏறவேண்டும் என்றால் டோலி. கூலிக்கு ஆள் பிடித்து, கம்பில் கட்டி, தோளில் வைத்துத் தூக்கிப்போவார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் அந்த மலைக்குப் போகவே பயப்படுவார்கள். காரணம் மலேரியா. 'கொல்லி' என்ற பேரை யாரும் சும்மா வைக்கவில்லை என்பார்கள்.

இந்தத் தம்பதி மலையில் என்ன செய்தார்கள்? பல் பிடுங்கினார்கள். புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். மரவேலை சொல்லிக்கொடுத்தார்கள். நரம்புச் சிலந்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், மாதக்கணக்கில் வளர்ந்து, காலைப் பொத்துக்கொண்டு நூல் மாதிரி வெளியே வருகிற புழு. நோய் பிடித்தவர் காலோடு கிணற்றில் இறங்கினால் ஊருக்கே வந்துவிடும். அதனால் கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொன்னார்கள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தென்பட்டது 1996-ல். ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல். கொல்லிமலையில் அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

மிஷன் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எதிர்பார்ப்பது என்ன? ஞானஸ்நானக் கணக்கு. அதில் பல வருடம் சைபர்! மருந்து வாங்கினார்கள், பல் பிடுங்கிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். ஊர்ப் பூசாரி ஒருவர் இவர்களைத் தீவிரமாக எதிர்த்தார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பம் பார்த்துவந்த சாமியை, நேற்று வந்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள். யார்தான் சும்மா இருப்பார்கள்?

அப்போது வந்தது 1918-19-ன் விஷக்காய்ச்சல். உலகமே 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று நடுங்கியதே, அது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள். கொரோனா காலத்தைப் பார்த்துவிட்டதால் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொல்லிமலையிலும் காய்ச்சல் வந்த வீட்டை விட்டு அக்கம்பக்கம் ஓடியது. பிராண்ட் தம்பதி பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராக எடுத்துப்போய் ஊற்றினார்கள். வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கஞ்சியும் சுத்தமான தண்ணீரும்தான்.

பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். அந்த வீட்டு வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் இவர்கள்தான்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். இதை எழுதுகிற எல்லோரும் கஞ்சி கொண்டுபோனவர்களைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு என்னவோ அந்தப் பூசாரியைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. யாரை வரக்கூடாது என்றாரோ, அவர்கள் கையால் வாங்கிக் குடிக்கவேண்டும். குடித்தார். சாகப்போகிற நேரத்தில், என் பிள்ளைகளை நீங்களே எடுத்து வளருங்கள் என்று கேட்டு ஒப்படைத்தார். ஒரு பையன், ஒரு கைக்குழந்தைப் பெண். அந்தப் பெண்ணுக்கு ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மலையில் சபை என்று ஒன்று உருவாக ஆரம்பித்தது.

'பார்த்தீங்களா, கஞ்சி ஊத்தி ஆள் பிடிச்சிருக்காங்க' என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கஞ்சிக்கு மதம் மாறினவர்கள் என்ற ஏச்சு நம் ஊரில் புதிதில்லை. அந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கமாட்டேன். ரசீதோடு வருகிற உதவிகள் எல்லா மதத்திலும் உண்டு. கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக்கொடுத்துவிட்டு, 'உபயம்' என்று வெளிச்சமே வராத அளவுக்குப் பேர் எழுதுகிறவர் இருந்தால், சர்ச் பெஞ்சில் 'நினைவாக' என்று பித்தளைத் தகடு அடிக்கிறவரும் இருக்கிறார். ஆனால், கொல்லிமலைக் கணக்கில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. பல வருடம் ஒருத்தர்கூட மாறவில்லை. அந்த வருடங்களிலும் மருந்து நிற்கவில்லை. பலனை எதிர்பார்த்த வியாபாரி என்றால் மூன்றாவது வருடமே கடையை மூடியிருப்பார்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்துபோனார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகிற காய்ச்சல். மலையிலேயே புதைத்தார்கள். எவலினுக்கு அப்போது ஐம்பது வயது. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். மிஷன் அவரைக் கீழ்நாட்டில் வேறு வேலைகளுக்குப் போட்டது. கிட்டத்தட்ட எழுபது வயதில் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு கிடைத்ததும் அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? மறுபடி கொல்லிமலைக்கே ஏறிவிட்டார். சொந்தப் பொறுப்பில். மண்சுவர் வீடு. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போவது, மருந்து கொடுப்பது, பல் பிடுங்குவது. 'கிரானி பிராண்ட்' என்று பேராகிவிட்டது. கொல்லிமலை போதாதென்று, புருஷனும் தானும் ஒரு காலத்தில் கனவு கண்ட பக்கத்து மலைகளையும் பிடித்துக்கொண்டார்.

இதுவரை படித்தால் 'கொடுத்துக்கொண்டே இருந்த அம்மா' என்றுதான் தோன்றும். அப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்வார். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுக்கப் போனால், 'இருக்கட்டும், நானே எடுத்துக்கறேன்' என்று எழுந்துவிடுவார்.

எவலினை அவருடைய உடம்பு அப்படி இருக்கவிடவில்லை. ஒருமுறை குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே செயல் குறைந்துபோனது. 75 வயதில் வீட்டிலேயே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்க வலியோடு தனியாகக் கிடந்திருக்கிறார். காலையில் வேலைக்கு வந்தவர் பார்த்துச் சொல்லி, நாலு பேர் கயிற்றுக்கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். பிறகு ஜீப்பில், மேடும் பள்ளமுமான ரோட்டில் 150 மைல் பயணம்.

மகன் டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூர் சி.எம்.சி-யில் உலகப் புகழ்பெற்ற சர்ஜன். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷனில் நிமிர்த்தியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் 'அழுகி' விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் தேய்கின்றன என்பதை நிறுவியவர். உணர்ச்சி இல்லாத கை, காயம் பட்டாலும் உதவி கேட்காது. அதுதான் அந்த நோயின் ஆபத்து என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அம்மாவிடம் வந்து, போதும்மா, மலையை விட்டு இறங்கிவிடு என்று எவ்வளவோ சொன்னார். தன்னைவிட உயரமான ரெண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்துகொண்டிருந்த அந்தம்மா கேட்கவில்லை. நான் இறங்கிவிட்டால் இங்கே யார் எலும்பு கட்டுவார்கள், யார் பல் பிடுங்குவார்கள், யார் இயேசுவைப் பற்றிச் சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டார். அந்த வீட்டில் ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. கடைசி 20 வருடம் முகம் பார்க்கும் கண்ணாடியே வேண்டாம் என்றிருக்கிறார்.

அந்த நாலு பேருக்கு வருகிறேன். பைபிள் படித்தவர்களுக்குச் சட்டென்று மாற்கு சுவிசேஷத்தில் வரும் கப்பர்நகூம் வீடு ஞாபகம் வந்திருக்கும். திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து உள்ளே இறக்குகிறார்கள். இயேசு கவனித்தது, தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை என்கிறது அந்தக் கதை. படுத்திருந்தவன் வாயைத் திறந்து எதுவும் கேட்டதாக இல்லை. அவன் செய்தது ஒன்றே ஒன்று. தூக்க விட்டான்.

யோசித்துப் பாருங்கள். கூரை ஏறுவது கஷ்டமா, நாலு பேர் தூக்க, ஊர் வேடிக்கை பார்க்க, கட்டிலில் படுத்திருப்பது கஷ்டமா?

கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு, இயேசு வாங்கினதை நாம் கவனிப்பதில்லை. லூக்கா எட்டாம் அதிகாரத்தில் மகதலேனா மரியாள், ஏரோதின் அதிகாரி மனைவி யோவன்னாள், சூசன்னாள் என்று பேர் பேராக வருகிறது. அந்தப் பெண்கள் தங்கள் ஆஸ்தியிலிருந்து செலவு செய்துதான் அவரும் சீடர்களும் ஊர் சுற்றினார்கள். பிரசங்கம் பண்ணின படகு சீமோனுடையது. எருசலேமுக்கு ஏறிப்போன கழுதை இரவல். வைத்த கல்லறையும் இன்னொருத்தர் தனக்கென்று வெட்டிவைத்தது. பேதுருவின் காலைக் கழுவ வந்தபோது, ஐயையோ நீங்களா, கூடாது என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். அது அடக்கம் மாதிரிதான் தெரிகிறது. இயேசு அதை ரசிக்கவில்லை. கழுவ விடாவிட்டால் உனக்கும் எனக்கும் பங்கே இல்லை என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டார்.

இதெல்லாம் தெரிந்தும் சர்ச்சுகளில் நடப்பது வேறு. கொடுக்க ஆயிரம் ஏற்பாடு. தசமபாகம், பிடியரிசி, அறுப்பின் பண்டிகை ஏலம். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பார்கள். வாங்குவதற்கு என்ன ஏற்பாடு? ஜெபக்குறிப்புச் சீட்டு. அதிலும், 'ஒரு சகோதரியின் குடும்பத் தேவைக்காக' என்றுதான் எழுதியிருக்கும். பேர் இருக்காது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் ஜெபிக்கிறோம் என்பது தெரியாமலே எல்லோரும் ஜெபிப்பார்கள்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா. மிஷன் ஸ்கூலில் 30 வருடம் வேலை. அவருடைய சபையில் பிடியரிசிப் பொறுப்பு அவருடையதுதான். வீட்டில் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைக்கிறார்கள் இல்லையா, அதை வீடு வீடாகச் சேர்த்து, இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியவர்.

ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்காரருக்கு கிட்னி போய்விட்டது. இருபது வருடத்துக்கு முந்தைய கதை. வாரம் ரெண்டு டயாலிசிஸ். இன்ஷூரன்ஸ் அட்டை எதுவும் இல்லாத காலம். சபையில் விஷயம் தெரிந்து, பாஸ்டரே வீட்டுக்கு வந்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்குன்னு ஒரு காணிக்கை எடுக்கலாம்னு இருக்கோம்மா."

டீச்சர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வேண்டாங்க ஐயா. குடுத்துக் குடுத்துக் கையைக் கவுத்தே பழகிடுச்சு. மல்லாத்திப் பிடிக்க வராது."

நகை போனது. ஆட்டோவுக்குச் செலவாகிறதென்று ஒருநாள் டவுன் பஸ்ஸில் புருஷனைக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டில் அவர் மயங்கி விழுந்துவிட்டார். அன்றைக்குத் தூக்கி உட்காரவைத்தது ஒரு பழைய மாணவன். ஆட்டோ ஓட்டுகிறவன். மறுவாரம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"டீச்சர், சார் ரெடிங்களா?"

"எவ்வளவுப்பா கேப்பே?"

"ஒண்ணும் வேணாங்க டீச்சர்."

"அப்ப வண்டியும் வேணாம். எடு."

"சாரை இன்னொரு தடவை கீழ விழ வெக்கப்போறீங்களா?"

ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். ஆட்டோவுக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையை எழுதினார். அப்புறம் ஒவ்வொன்றாக ஏறியது. ஒரு பிடியரிசிக்காரப் பெண் வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனால் அதற்கு ஒரு தொகை. எதிர்வீட்டு இட்லிக்கு ஒரு தொகை. தேதி, பேர், ரூபாய். நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆடிட்டரும் குற்றம் சொல்ல முடியாத நோட்டு!

ரெண்டு வருடத்தில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்தபிறகு, டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு, கையில் பணத்தோடு ஒவ்வொரு வீடாக ஏறினார். யாரும் வாங்கவில்லை. ஒருவர் கோபித்துக்கொண்டார். பாத்திரம் தேய்த்த பெண்தான் ரொம்பக் குழம்பிப்போனாள்.

"எவ்வளவுன்னு நாங்க எழுதி வெக்கலீங்களே டீச்சர்."

"நான் எழுதியிருக்கேன்ம்மா. இதோ."

"நீங்க அரிசி குடுத்தப்ப நாங்க எழுதி வெச்சிருந்தா, அதையும் இதையும் கழிச்சிக்கலாம். எழுதலீங்களே."

டீச்சர் திரும்பி வந்துவிட்டார். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார், "நான் ஊருக்குக் குடுத்ததை நான் எழுதி வெக்கலை. அதைப் பெருமையா நெனச்சிட்டிருந்தேன். ஊரு எனக்குக் குடுத்ததை மட்டும் எழுதியிருக்கேன் பாரேன்." அந்த நோட்டை அவர் கிழிக்கவில்லை. தொகையை எல்லாம் அடித்துவிட்டார். பேரை மட்டும் விட்டுவைத்து, தினம் காலையில் அந்த வரிசையில்தான் ஜெபம் பண்ணுகிறார்.

இதைச் சொன்னால் சில பேர், 'அப்ப எல்லாத்துக்கும் அடுத்தவனையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கலாமா?' என்று கிளம்புவார்கள். நியாயமான கேள்வி. பவுலுக்கே அந்தக் கேள்வி வந்திருக்கிறது. கலாத்தியருக்கு எழுதின கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறார். மூன்று வசனம் தள்ளி, அவனவன் பாரத்தை அவனவன் சுமக்கவேண்டும் என்கிறார். என்ன இது, முன்னுக்குப் பின் முரண் என்று தோன்றும். நம் பைபிளில் ரெண்டு இடத்திலும் 'பாரம்' என்றுதான் இருக்கிறது. மூலமான கிரேக்கத்தில் ரெண்டும் வேறு வேறு வார்த்தை. முதலாவது, ஆளை அமுக்குகிற பளு. ரெண்டாவது, ஒரு ஆள் தூக்கிப்போகிற மூட்டை.

சேலம் லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தால் கிரேக்கம் தேவைப்படாது. முதுகில் ஏற்றிவிட்டால் அவரே தனியாகச் சுமந்துகொண்டு போய்விடுவார். ஆனால், ஏற்றிவிட இன்னொருத்தர் வேண்டும். "ஒரு கை குடுப்பா" என்பார். அதைக் கேட்க அவருக்கு வெட்கமே கிடையாது. கை கொடுத்தவருக்கும் தான் ஒரு தர்மம் பண்ணின நினைப்பு கிடையாது. அடுத்த மூட்டைக்கு அவர் குனிவார், இவர் கை கொடுப்பார்.

அந்தப் பவுலும் லேசுப்பட்டவர் இல்லை. கூடாரத்தொழில் செய்து தன் கையாலேயே சாப்பிட்டவர். கொரிந்து சபைக்கு நான் பாரமாக இருக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர். அப்படிப்பட்டவர் பிலிப்பி சபை அனுப்பினதை மட்டும் வாங்கிக்கொண்டார். ஜெயிலில் இருந்தபடி அதற்கு எழுதின நன்றிக் கடிதத்தைப் படியுங்கள். எனக்கு ஒன்றும் அவசரத் தேவையில்லை, இருப்பதில் திருப்தியாக இருக்கப் பழகியிருக்கிறேன் என்று ரெண்டு மூன்று தடவை சுற்றிச் சுற்றி வருகிறார். நன்றி சொல்ல இவ்வளவு திணறலா? எனக்குப் பிடித்த பவுல் அந்தப் பவுல்தான். நம்ம டீச்சர் மாதிரியே இருக்கிறார்.

கொல்லிமலைக்குத் திரும்பினால், எவலின் 93 வயது வரை குதிரையில் போனார். அடிக்கடி விழ ஆரம்பித்ததும் குதிரையை விட்டார். ஆனால், மலையை விடவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு தூளி கட்டினார்கள். நம் வீட்டில் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரிதான். அதில் அவரைப் படுக்கவைத்து, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் ரெண்டு நாள் இல்லை, ரெண்டு வருடம். 1913-ல் டோலி தூக்கக் கூலி பேசவேண்டியிருந்த மலை இது. இப்போது தூக்கியவர்களில் சில பேருக்காவது அந்தக் கிழவி பல் பிடுங்கியிருப்பார், பிரசவம் பார்த்திருப்பார். அதை அவர்களும் எழுதி வைக்கவில்லை, இவரும் எழுதி வைக்கவில்லை. போகிற இடத்தில் தூளியை இறக்கியதும், படுத்தபடியே யாருக்கு என்ன என்று விசாரிக்க ஆரம்பித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். மலையில் புருஷன் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். சவப்பெட்டி வேண்டாம், அதற்கு எதற்கு நல்ல மரத்தை வீணாக்குகிறீர்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். ஒரு பழைய பருத்தி விரிப்பில் சுற்றித்தான் வைத்தார்கள்.